நானூற்றுப் பதினேழுக்கு மூன்று தண்ணீர்

மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளியைச் சின்ன பிளாஸ்டிக் டியூபில் போட்டு மூடி, அதன் மேல் எண் எழுத வேண்டும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த எண்ணை எழுதியவள் நான். எனக்கு அங்கே பெருக்கித் துடைக்கிற வேலைதான். ஆனால் கொரோனா வந்த வருஷம் நர்ஸம்மாவுக்கு இரண்டு கை போதவில்லை. கையுறை போட்டுக்கொண்டு அவர் எழுதினதில் ஒன்று எது, ஏழு எது என்று தெரியவில்லை என்று திருவள்ளூர் லேபிலிருந்து ஃபோன் வந்தது.

"ஆயா, நீ எழுதேன் பாப்போம்" என்றார்.

ஐந்தாம் வகுப்பு வரை போனவள் நான். என் எழுத்து கோணலாக இருக்கும். எண் மட்டும் நேராக நிற்கும். அன்றிலிருந்து துடைப்பம் ஒரு கை, மார்க்கர் பேனா ஒரு கை என்று ஆனது.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போகிற சாலையில் எங்கள் ஆஸ்பத்திரி. இரும்பு உருக்குகிற இடத்திலிருந்தும், கார் சாமான் செய்கிற இடத்திலிருந்தும் ஆள் வந்துகொண்டே இருக்கும். இந்தி பேசுகிறவர்கள், ஒடியா பேசுகிறவர்கள், எங்கள் தெரு ஆட்கள். எல்லாரும் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து தலையை அண்ணாந்து கண்ணீர் விடுவார்கள். நான் பக்கத்தில் நின்று எண் எழுதுவேன். யாரையும் முகம் பார்த்துப் பேச எனக்குச் சின்ன வயசிலிருந்தே வராது. அந்த வேலைக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

டியூபெல்லாம் ஐஸ் பெட்டியில் திருவள்ளூர் போகும். கொரோனா இருக்கிறதா இல்லையா என்று அங்கே பார்ப்பார்கள். இருக்கிறது என்று வந்ததில் சிலவற்றை மட்டும் பொறுக்கி, அது எந்த வகை என்று பார்க்கச் சென்னைக்கு அனுப்புவார்கள். முதல் பதிலுக்கு இரண்டு நாள் ஆகும். இரண்டாவது பதிலுக்கு எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. டெல்டா என்ற வகை அடுத்த வருஷக் கோடையில் எங்கள் தெருவில் நான்கு பேரை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அதனால் வகை என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குப் பயம்.

எனக்கு எதிர்வீட்டுக்காரி கம்பெனி கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி நாஷ்டா விற்பவள். புருஷன் இல்லை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். நான் தங்கச்சி என்பேன், அவள் யக்கா என்பாள். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். கிறிஸ்துமசுக்கு அவள் வீட்டு முறுக்கு எங்களுக்கு வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பொங்கல் அவளுக்குப் போகும். எனக்கு இல்லாத வாயும் சேர்த்து அவளுக்கு இருந்தது.

அந்த வருஷம் மார்கழி பிறந்த வாரம் காய்ச்சலோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நர்ஸம்மா குச்சியை விட்டதும், "மூளைக்கே போவுதும்மா! அங்க ஒண்ணும் கெடைக்காது, திரும்பி வா!" என்று கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் காய்ச்சலோடு சிரித்தார்கள். நான் டியூபில் எழுதினேன். நானூற்றுப் பதினேழு.

இருக்கிறது என்று வந்தது. கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கிறிஸ்துமஸ் அன்று சர்ச் மணி அடித்தபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் கஞ்சிச் சொம்பை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பேன். "இருமல் நின்னுடுச்சு யக்கா, நாக்குதான் செத்துப் போச்சு. உங்கஞ்சில உப்பு கீதா இல்லயான்னே தெர்ல. தெரியாதது நல்லதுதான்" என்பாள். புது வருஷம் பிறப்பதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. நர்ஸம்மா வந்து பார்த்து, சரியாகிவிட்டது என்று சீட்டு எழுதிக் கொடுத்து, ஸ்டிக்கரைக் கிழித்தார். ஜனவரி முதல் வாரம் வண்டி மறுபடி கேட்டில் நின்றது. ஆறு நாள் நல்ல வியாபாரம்.

ஏழாம் நாள் நான் ஹெல்த் இன்ஸ்பெக்டர் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஃபோனில் ஒரு பெண் குரல் சொன்னது: "சார், உங்க பக்கத்துல ஒண்ணு புது வகை. நோட் பண்ணிக்கோங்க. ஃபோர் ஒன் செவன்."

அவருக்கு அது வெறும் எண். நோட்டைப் புரட்டினால்தான் பெயர் தெரியும். எனக்கு அப்படி இல்லை. நாலு, ஒன்று, ஏழு என்றதும் அண்ணாந்த தலையும் கண்ணீரும் கத்தலும் முன்னால் வந்து நின்றன. அவர் நிமிர்ந்து, "ஆயா, அப்பறம் வந்து துடை" என்றார். அதற்குள் கேட்டுவிட்டேன்.

புது வகை என்றால் முதலில் வந்ததைவிடக் கொடியது என்றுதான் நினைத்தேன். அது அவளுக்குள்ளே இன்னும் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எழுந்திருக்கும் என்று நினைத்தேன். அவளிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

எங்கள் தெருவில் கெட்ட சேதியை யாரும் உரியவர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்றால் தாய்மாமனிடம் சொல்லி விடுவார்கள். ஒருத்திக்குப் புருஷன் கம்பெனியில் அடிபட்டால், அவள் ஓரகத்தியிடம் சொல்லி விடுவார்கள். பக்கத்து ஆள் வழியாகப் போனால் சேதியின் சூடு கொஞ்சம் ஆறும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கோ நல்ல சேதியையே நேரே சொல்ல வராது. சாயங்காலம் தண்ணீர்க் குழாயில் அவள் தம்பி பெண்சாதி குடத்தோடு நின்றாள். அவளிடம் சொன்னேன்.

"உன் நாத்தனாருக்கு வந்தது புது வகையாம். ஒடம்ப பாத்துக்க சொல்லு. பதமா சொல்லு."

"யம்மாடி! புதுசா?" என்றாள். குடம் வழிந்தது. அவள் பார்க்கவில்லை.

அவள் பதமாகத்தான் சொல்ல நினைத்திருப்பாள். ஆனால் அவளும் நேரே போகவில்லை. பால்காரம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா ரேஷன் கடை வரிசையில் சொன்னாள். முதல் நாள் அது, 'அவளுக்குப் புது வகை வந்ததாம்' என்று இருந்தது. மறுநாள், 'இட்லி மாவில் வந்ததாம்'. மூன்றாம் நாள் நானே கேட்டேன்: "இந்த வகை இந்தியாவுலயே அந்தம்மா ஊட்லதான் பொறந்துச்சாம். டெல்லிலேர்ந்து ஆள் வந்துக்கினு கீறாங்களாம்." பெயரும் வைத்துவிட்டார்கள். இட்லி கொரோனா.

அதுவரை அவள் கையால் வாங்கித் தின்றவர்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் தொண்டை கரகரத்தது. கம்பெனி வாட்ச்மேன் வந்து, "யம்மா, உள்ள பேசிக்கிறாங்க. ஒரு பத்து நாளு வேற பக்கம் நில்லு" என்றான். அவள் நகரவில்லை. ஷிஃப்ட் விட்டவர்கள் சாலையைக் கடந்து அந்தப் பக்கமாகப் போனார்கள். அவள் அண்டா நிறைய இட்லியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து, மாட்டுத் தொட்டியில் உதிர்த்துப் போட்டாள். ஒருத்தன் தூரத்தில் நின்று, "மாட்டுக்கு மாஸ்க் போட்டுட்டு போடு" என்றான். வழக்கமாக அவனை நாலு கேள்வி கேட்டிருப்பாள். அன்றைக்கு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அவள் வாய் மூடியதுதான் பயமாக இருந்தது. பதினெட்டு வருஷமாக அந்தக் கேட்டில் நின்றவள். அந்த இடம் போய்விட்டால் அவளுக்கு வேறு இடம் கிடையாது.

இன்ஸ்பெக்டர் விஷயத்தைக் கேட்டு ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பினார். "நமது பகுதியில் கண்டறியப்பட்ட புதிய வகை குறித்துப் பொதுமக்கள் பீதி அடைய வேண்டாம்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். 'புதிய வகை'யும் 'பீதி'யும் தெருவில் தங்கிவிட்டன. 'வேண்டாம்' மட்டும் ஆட்டோவோடு போய்விட்டது. அதுவரை கேள்விப்படாத வீடுகளும் அன்றைக்குக் கதவைச் சாத்தின.

மறுநாள் அவரே நோட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். கொரோனா வந்தவர்களிடம் யாரைப் பார்த்தாய், எங்கே போனாய் என்று கேட்பாரே, அதே மாதிரி சேதியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். உனக்கு யார் சொன்னது? ரேஷன் வரிசையில். அங்கே யார்? பால்காரம்மா. அவளுக்கு யார்? இப்படியே தம்பி பெண்சாதி வரை வந்தார். வேலைக்குக் கிளம்பி அங்கே நின்ற என்னை அவள் ஒரு தரம் பார்த்தாள். "எல்லாரும்தான் சொன்னாங்க சார். எனுக்கு எப்டி ஞாபகம் இருக்கும்?" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஆயா, உனக்கு எதுனா தெரியுமா?"

தலையை ஆட்டினேன். தெரியாது என்று. வாயைத் திறக்காமலே ஒரு பொய் சொன்னேன்.

அன்று மத்தியானம் மழை தூறியது. ஆஸ்பத்திரி வராந்தாவைத் துடைத்துக்கொண்டே நர்ஸம்மாவிடம் கேட்டேன். என்னிடமிருந்து கேள்வி வந்ததே அவருக்கு ஆச்சரியம்.

"அந்தப் புது வகை அவ ஒடம்புக்குள்ள இன்னும் கீதாம்மா?"

"இல்ல ஆயா. அது அவங்க டிசம்பர்ல குடுத்த சளி. அப்ப இருந்ததைத்தான் இப்பக் கண்டுபிடிச்சு சொல்றாங்க. அவங்களுக்கு அது போயே இருபது நாளாச்சு."

"அப்போ எதுக்கு இவ்ளோ நாள் கழிச்சு சொல்றாங்க?"

"அவங்களுக்காக இல்ல. எந்த ஊருக்குள்ள எது வந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான அடுத்து என்ன பண்றதுன்னு யோசிக்க முடியும்? கொடியதா இல்லையான்னுகூட இன்னும் முழுசா தெரியாது. புதுசுன்னா மாறினதுன்னு அர்த்தம், அவ்ளோதான்."

நான் கீழே பார்த்தேன். துடைத்த தரையில் யாரோ ஈரச் செருப்போடு நடந்து போயிருந்தார்கள். தடம் வாசல் வரை தெளிவாக இருந்தது. ஆள் இல்லை. நாள் முழுக்க நான் துடைப்பதே அதைத்தான். தடத்தைப் பார்த்து, ஆள் இன்னும் அறைக்குள் இருக்கிறார் என்று ஊரைக் கூட்டிவிட்டேன்.

வேலை முடிந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். உளுந்து ஊற வைக்கவில்லை. கிரைண்டர் மேல் துணி போட்டு மூடியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முயற்சி செய்தேன், முடியவில்லை. கிரைண்டரைப் பார்த்துச் சொன்னேன்.

"நான்தான் தங்கச்சி சொன்னது. உன் தம்பி பொண்டாட்டிகிட்ட."

 அவள் குரல் வந்தது. "எங்கிட்ட சொல்றதுக்கு உனுக்கு வாயி இல்ல. அவகிட்ட சொல்றதுக்கு மட்டும் எங்கேர்ந்து யக்கா வந்துச்சு? எதுத்த ஊடுதான? எட்டு அடி நடந்திருந்தா இவ்ளோ பேஜாரு உண்டா?"

 எழுந்து போ என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் அதையும் சொல்லவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு, "எனுக்கு சரியாயிடுச்சுன்னு எத்தினி பேருகிட்ட சொல்றது? சீட்டக் காட்டினா எட்டி நின்னு படிக்கிறானுங்க. சொன்னா நம்பறானா?" என்றாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை சொருகினால், உள்ளே நோய் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். இறங்கின பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, நாள் விட்டு நாள் மூன்று தரம் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் முடிந்தது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம், மறுநாளே வீட்டுக்குள் ஆள் வரும். கொரோனாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒட்டும்போது தெருவே பார்த்தது. கிழித்தபோது யாரும் பார்க்கவில்லை.

"தண்ணி ஊத்தலாமா?" என்றேன்.

"அம்மைக்கு ஊத்துறதையா? எங்க பாஸ்டர் பாத்தா இன்னா சொல்லுவாரு?"

"இன்னா சொல்லுவாரு?"

யோசித்தாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக வாய்க்கோணத்தில் சிரிப்பு வந்தது. "கேட்டா, ரெண்டாவது ஞானஸ்நானம்னு சொல்லிக்கிறேன். ஊத்து."

உள்ளே ஊற்றினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தெருக்குழாய்ப் பக்கம் ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்தேன். தெருவே வாசலில் நின்றது. அத்தனை கண்ணுக்கு நடுவில் நான் எந்தக் காரியமும் செய்தது இல்லை. என் கல்யாணத்திலேயே தலையைத் தூக்கவில்லை. முதல் சொம்புத் தண்ணீர் பாதி என் புடவையில் போனது. "யக்கா, எனுக்கா உனுக்கா?" என்றாள். யாரோ சிரித்தார்கள். கிட்டே யாரும் வரவில்லை.

இரண்டாம் தண்ணீர் அன்று நர்ஸம்மா ஸ்கூட்டரில் வந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று சொம்போடு நின்றேன். வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இவங்களுக்கு சரியாகி ரொம்ப நாளாச்சு. தண்ணி ஊத்தாமலே சரியாயிடுச்சு. இவங்ககிட்டேயிருந்து யாருக்கும் வராது. எனக்கு ஒரு வாரமா இதைச் சொல்லி வாய் வலிக்குது, ஆயா ஒரு சொம்புல சொல்லிட்டாங்க" என்றார். என்னிடம் குனிந்து, "மஞ்சத் தண்ணி வைரசைக் கழுவும்னு மட்டும் யாருக்கும் சொல்லிடாத" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. நான் எதையுமே சொல்லவில்லை, ஊற்றினேன்.

மூன்றாம் தண்ணீருக்கு வேப்பிலையைத் தம்பி பெண்சாதி கொண்டு வந்தாள். நாத்தனார் கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தாள். "பக்கத்துல இருக்கறவங்க கைல குடுத்து அனுப்பற பழக்கம் இன்னும் போவல பாரு" என்றாள் ஸ்டூலில் இருந்தவள். அவளே எட்டி வாங்கிக்கொண்டாள்.

தெரு சரியாகிவிட்டது. கேட் வேறு. தண்ணீர் ஊற்றினது அங்கே யாருக்குத் தெரியும்? பொங்கல் கழித்து, மூன்றாம் தண்ணீருக்கு மறுநாள் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். அரைமணி நேரம் ஒரு ஆள்கூட வரவில்லை. வாட்ச்மேன் எங்களைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தான்.

"எனுக்கு நாலு வை" என்றேன்.

"ரோட்டுலயா? நீயா?"

சாலையில் நின்று தின்னும் வழக்கம் எனக்கு இல்லை. மாஸ்க்கை இறக்கிவிட்டு, கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்று தின்றேன்.  அப்போது பொன்னேரிப் பக்கத்து வேன் வந்தது. ஒப்பந்த வேலைக்கு வரும் பெண்கள் இறங்கினார்கள். இரண்டு பேர் எட்டி நின்றார்கள். வயசான ஒருத்தி மட்டும் கிட்டே வந்து, இவள் கழுத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தாள். வண்டிக் கம்பியில் மிச்சம் சொருகியிருந்த வேப்பிலையைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்தியாச்சா?"

"மூணும் ஊத்தியாச்சும்மா."

"அப்பறம் இன்னாடி பயம்?" என்று பின்னால் நின்றவர்களைக் கூப்பிட்டாள். "வாங்கடி, பசிக்குது. நாலு நாலு இட்லி வை."

அந்த அம்மாவிடம் இது அம்மை இல்லை, வேறு என்று சொல்லியிருக்க வேண்டும். இவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்தும். அவள் தப்பாகப் புரிந்துகொண்டாள். ஆனால் இவளிடம் நோய் இல்லை என்பது சரி. சரியானதை மைக் கட்டிச் சொன்னபோது ஊர் தப்பாகப் புரிந்துகொண்டது. எது நல்லது என்று எனக்குத் தீர்த்துச் சொல்லத் தெரியவில்லை. பெண்கள் நிற்பதைப் பார்த்து ஒடியாக்காரப் பையன்கள் வந்தார்கள். கடைசியில் வாட்ச்மேன் வந்து கையை நீட்டினான். "வானத்துல இட்லி தீந்து போச்சா?" என்றாள் அவள். வாய் திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அறைக்குப் போய், நான்தான் சொன்னேன் என்று சொன்னேன். வேலை போய்விடும் என்று துடைப்பத்தைக் கையோடு கொண்டு போயிருந்தேன், ஒப்படைத்துவிட. அவர் மேஜையில் இருந்த ஃபோனைப் பார்த்தார். "ஸ்பீக்கர்ல போட்டவன் நான்" என்றார். பிறகு, "மைக் போட்டவனும் நான்தான். போ, வேலையப் பாரு."

அதற்குப் பிறகு புது வகை என்று ஃபோன் வந்தால் முதலில் நர்ஸம்மா அந்த வீட்டுக்குப் போய், அந்த ஆளின் எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டு வருவார். அப்புறம்தான் மற்றது. வகைகள் மாறி மாறி வந்தன. பெயர்கள் எனக்கு வாயில் நுழையவில்லை.

போன மழைக்காலத்தில் அவளுக்கு மறுபடி காய்ச்சல். வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணாந்தாள். குச்சி போய்விட்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே நான் எண் எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, நல்லா பாத்து வச்சுக்கோ. இந்த தபா எதுனா வந்தா எங்கிட்டயே வந்து சொல்லு. எட்டு அடிதான்."

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். "சொல்றேன்" என்றேன்.

நானூற்றுப் பதினேழின் கதை ஊருக்கே தெரிந்துபோனது, அதனால் அந்த எண்ணை இங்கே எழுதினேன். போன மழைக்காலத்தில் எழுதின எண்ணும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை எழுத மாட்டேன்.